அப்பா முந்திக்கொண்டு சொன்ன பதில்

ஸ்கூட்டரை எடுத்த இரண்டு பெண்களும் ஓடிவிட்டார்கள். பின்னால் தொற்றிக்கொண்டு வந்த சின்னவள் மிளகு மட்டும் ஸ்கூட்டர் மோதி உடைந்த கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நின்றவள் சிறார் இல்லத்துக்குப் போனாள். போன வாரம் வரை நடந்தது இவ்வளவுதான். விவரித்தால் வயிறு எரியும் என்பதால் சுருக்கிச் சொல்கிறேன்.

இன்றைக்கு அவளைச் சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டுக்கு அனுப்புவார்களா, மறுபடி இல்லத்துக்கே அனுப்புவார்களா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அப்பா ஹோட்டலுக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சட்டைப் பையின் மேல் ஹோட்டல் பெயர் சிவப்பு நூலில் தைத்திருந்தது. வேறு சட்டையே கிடைக்கவில்லையா என்று மிளகின் அக்கா, பெரியவள், கேட்டாள். கிடைத்தது, ஆனால் இதுதான் மரியாதையாக இருக்கும் என்றார். மரியாதை என்றால் அடுத்தவனுக்குக் கொடுக்க மட்டும்தானா என்று அவளுக்கு நாக்கின் நுனிவரை வந்தது. அம்மா போனில் சொன்னது நினைவுக்கு வந்து விழுங்கிவிட்டாள்.

அம்மா துணி ஆலையில் பொத்தான் தைக்கிறாள். லீவு கேட்டால் இனி வராதே என்று சொல்லக்கூடிய இடம். டீ நேரத்தில் கழிப்பறைக்குள் நின்று போன் செய்திருந்தாள்.

"நீ உன் வாயை வீட்டுலயே வெச்சுட்டுப் போ. உங்கப்பாவைக் கையை வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லு. அது ஆளைப் பார்த்தா தானா கும்பிடும்."

அம்மா சொன்னதில் பொய் இல்லை. பெரியவள் அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பட்டத்தால் அவளுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, இன்சூரன்ஸ் கம்பெனியின் கால் சென்டரில் ஒரு நாற்காலி. இன்னொன்று, எதற்கெடுத்தாலும் 'எந்த ரூல்ல இருக்கு?' என்று கேட்கிற வாய். மிளகைப் பிடித்த மறுநாள் ஸ்டேஷன் வாசலில் அந்த வாயால்தான் கத்திவிட்டு வந்தாள்.

ஹோட்டலில் பரிமாறுகிற அப்பா நேர்மாறு. சாப்பாட்டில் முடி கிடந்தால் என் தப்புங்க என்பார். வாடிக்கையாளர் தானே தட்டிவிட்ட தண்ணீருக்கும் என் தப்புங்கதான். அவருடைய மேஜையிலிருந்து ஒரு புகாரும் மேனேஜர் வரைக்கும் போனதில்லை. அதனால்தான் எத்தனையோ பேர் வந்து போன அந்த ஹோட்டலில் அவர் மட்டும் நிலைத்தார். மிளகைப் பிடித்த ராத்திரி ஸ்டேஷனுக்குப் போனவரும் அவர்தான். பெரியவளுக்கு அன்றைக்கு ராத்திரி ஷிப்ட். எல்லாம் நல்லபடியா பேசிட்டேன், பயப்படாதீங்க என்று திரும்பி வந்து சொன்னார். அதன் பிறகு அந்த ராத்திரியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் நடக்கத் தோன்றியது. நடந்தால் எதிரே இன்னொரு தகப்பன் நடந்து வந்தான். எல்லாப் பெற்றோரும் ஒரே மாதிரி சுவரைப் பார்த்தார்கள்.

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு சாதாரண வேன் வந்து நின்றது. சேலை கட்டிய ஒரு பெண்ணோடு மிளகு இறங்கினாள். அந்தப் பெண் போலீஸ் என்று சொன்னால்தான் தெரியும். பிள்ளைகளோடு வரும்போது சீருடை கூடாது, கையில் விலங்கும் கூடாது என்று வக்கீல் முன்னாடியே சொல்லியிருந்தாள்.

வக்கீல் சட்ட உதவி மையம் அனுப்பியவள். பெரியவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இனாமா வர்ற வக்கீல் வாதாடுவாங்களா என்று அப்பா போன வாரம் மூன்று தடவை கேட்டிருந்தார். இனாம் இல்லப்பா, அது அவளோட உரிமை என்று பெரியவளும் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

வக்கீல் மிளகைத் தனியாக ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"பெத்தவனுக்குத் தெரியாம என்ன ரகசியம்?"

"வக்கீலோட தனியா பேச அவளுக்கு உரிமை இருக்குப்பா. அது நமக்கும் சேர்த்துச் சாத்தின கதவுதான்."

"உனக்குமா?"

"எனக்கும்தான்."

அது தனக்கே கசந்தது என்பதைப் பெரியவள் காட்டிக்கொள்ளவில்லை.

கதவு திறந்தபோது வக்கீலின் முகத்தில் போகும்போது இருந்த சிரிப்பு இல்லை. என்ன பேசினீர்கள் என்று அப்பா கேட்டார், அவள் சொல்லவில்லை. உள்ளே எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் மளமளவென்று சொன்னாள். போனை அணைத்துவிட வேண்டும். நீதிபதி மிளகைக் கேட்டால் மிளகுதான் பதில் சொல்ல வேண்டும். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம், மறுபடி கேட்பார்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும், தலையாட்டி வைக்கக் கூடாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே விழக் கூடாது. இதைச் சொல்லும்போது பெரியவளைப் பார்த்தாள்.

அப்பா ஒரு மாணவனைப் போலக் கையை லேசாகத் தூக்கி, கூண்டு எந்தப் பக்கம் இருக்கும், நாம எங்கே நிற்கணும் என்று கேட்டார்.

"கூண்டெல்லாம் கிடையாதுங்க. எல்லாரும் நாற்காலியிலதான். நீங்களும் உட்காரணும்."

"நான் நின்னுக்கிறேன் மேடம். பழக்கம்."

"பழக்கத்தை இன்னைக்கு ஒருநாள் விட்டுடுங்க. இன்னொண்ணு, பிள்ளை பக்கத்துல வீட்டு ஆள் ஒருத்தர்தான் உட்காரலாம்னு சொல்லியிருக்காங்க. யாருன்னு அவளே சொல்லட்டும்."

பெரியவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். ராத்திரியெல்லாம் சிறார் சட்டத்தை இறக்கிப் படித்தவள் அவள். போலீஸிடம் ஒப்புக்கொண்டதை அப்படியே குற்றமாக எடுக்க முடியாது என்பதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியவளும் அவள்தான்.

மிளகு இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அப்பா வரட்டும்."

உள்ளேயிருந்து எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அங்கே பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அப்பாவும் மிளகும் வக்கீலும் உள்ளே போனார்கள், கதவு மூடிக்கொண்டது. தோளில் மாட்டிய பையோடு பெரியவள் வெளியே நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் சுவரில் ஒட்டியிருந்த 'எச்சில் துப்பாதீர்' பலகைமேல் காட்டினாள். ஒரு எழுத்து விடாமல் நாலு தடவை படித்தாள்.

உள்ளே அப்பா எதிர்பார்த்தது ஒன்றும் இல்லை. உயர்ந்த மேடை இல்லை, சுத்தியல் இல்லை. ஒரு நீள மேஜை, தண்ணீர் ஜாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் தட்டச்சு செய்கிற ஒருவர். மேஜைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அச்சு அசலாக ஹோட்டல் மேனேஜர் அறை. அந்த அறைக்கு அவரைக் கூப்பிட்டால் எதற்காகக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். முதுகு தானாகவே வளைந்தது.

நீதிபதி உட்காரச் சொன்னார். பரவாயில்லைங்கம்மா என்றார் அப்பா. மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் உட்கார வைத்தாள். நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்தார்.

நீதிபதி மிளகிடம் பேசியது, பக்கத்து வீட்டு அத்தை பேசுகிற மாதிரிதான் இருந்தது. அவள்மேல் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் படித்துக் காட்டாமல் எடுத்துச் சொன்னார். ஸ்கூட்டரை அனுமதியில்லாமல் எடுத்ததாக, கண்ணாடியை உடைத்ததாக. புரிந்ததா என்று கேட்டார். மிளகு புரிந்தது என்றாள். எங்கே, உன் வார்த்தையில் சொல்லு பார்ப்போம் என்றார். மிளகு சொன்னாள். எடுத்தது நான் இல்லை என்று கடைசியில் தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

"நல்லது. அதை இன்னைக்கு நான் விசாரிக்கப் போறதில்லை. அதுக்குன்னு ஒரு நாள் வரும். இங்க எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல உனக்கு இஷ்டம் இல்லைன்னா சொல்ல வேண்டாம். சொல்லாததால உன்மேல தப்புன்னு நான் நினைக்க மாட்டேன். சரியா?"

"சரிங்க."

"இப்ப ஒண்ணு கேக்கறேன். ஸ்டேஷன்ல உன்னை எப்படி நடத்தினாங்க? அடிச்சாங்களா, மிரட்டினாங்களா? ஏதாவது சொல்லணுமா?"

மிளகு மெதுவாகத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. வக்கீல் அதைக் கவனித்தாள்.

அப்பாவின் கை கும்பிட்டுவிட்டது. உடம்பு எழுந்துவிட்டது.

"எல்லாரும் நல்லாக் கவனிச்சுக்கிட்டாங்கம்மா. எந்தப் புகாரும் கிடையாதுங்க."

எத்தனையோ ஆயிரம் தடவை மேஜைகளுக்கு முன்னால் நின்று சொன்ன வாக்கியம். வழுக்கிக்கொண்டு வந்தது. சொன்ன பிறகுதான், சொன்னது தான்தான் என்று அவருக்கே தெரிந்த மாதிரி இருந்தது.

"நான் உங்களைக் கேக்கலைங்க," என்றார் நீதிபதி.

"மன்னிச்சிடுங்கம்மா. என் தப்பு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அப்பா சொன்னதுதான் உன் பதிலா என்று மிளகைக் கேட்டார். மிளகு தண்ணீர் ஜாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா வெளிய இருக்கட்டும். எங்கக்காவைக் கூப்பிடலாமா?"

அப்பா அதை முதலில் நம்பவில்லை. நீதிபதி தலையசைத்தும் அவர் எழுந்த இடத்திலேயே நின்றார். மிளகு அவரைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்த மேஜையை விட்டு நகர்வதுபோல, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து கதவுக்கு வந்தார்.

வாசலில் வக்கீல் பெரியவளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"உள்ள என்ன காதுல விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. நீங்க கத்தினா அவ நிறுத்திடுவா. இன்னைக்கு நிறுத்தினா அவ இனிமே சொல்லவே மாட்டா. உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

எந்த ரூல் என்று பெரியவள் கேட்கவில்லை. முடியும் என்றாள். தன்னால் முடியுமா என்று அவளுக்குத் தெரியாது.

மிளகு சொன்னாள். அழாமல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். பெரியவர்களைப் பிடித்து வைத்திருந்த அறையிலேயே அவளையும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெண் போலீஸ் யாரும் இல்லை. சாவியை எடுத்தது நீதானே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை என்றாள்.

"அறைஞ்சாரு. மறுபடி கேட்டாரு. மறுபடி இல்லைன்னேன். மறுபடி அறைஞ்சாரு. அப்புறம் ஆமான்னுட்டேன். இந்தக் காதுல இன்னும் குய்யுன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு."

பெரியவளின் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கின. மிளகு பேச்சுக்கு நடுவில் ஒரு தடவை நிறுத்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா கத்தப் போகிறாளா என்று பார்க்கிறாள் என்பது பெரியவளுக்குப் புரிந்தது. மேஜைக்கு அடியில் தங்கையின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மிளகு தொடர்ந்தாள். சிறார் இல்லத்தில் ஒருத்தரும் எதுவும் செய்யவில்லை, சாப்பாடு மட்டும்தான் ஆறிப்போய் வரும் என்றாள். தட்டச்சு செய்துகொண்டிருந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஸ்டேஷன்ல அப்படி நடந்தப்போ உன் வீட்டு ஆள் யாராவது கூட இருந்தாங்களா?" என்றார் நீதிபதி.

மிளகின் விரல்கள் பெரியவளின் கைக்குள் இறுகின.

"அதைச் சொல்லித்தான் ஆகணுமா?"

"இன்னைக்கு வேண்டாம்."

ஆனால் பெரியவளுக்குப் பதில் கேட்டுவிட்டது. அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போனது வீட்டில் ஒரே ஒருவர்தான்.

நீதிபதி உத்தரவைச் சொல்லச் சொல்ல அதைத் தட்டச்சு செய்தார்கள். மிளகு இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனால் அக்காவின் பொறுப்பில். இங்கிருந்து நேராக வீடு, நாளைக் காலை அரசு மருத்துவமனையில் காதுப் பரிசோதனை. தனியாக விடக் கூடாது. அந்த ஸ்டேஷன் பக்கமோ ஸ்கூட்டர்க்காரர் பக்கமோ அவளைக் கூட்டிப்போகக் கூடாது. அடுத்த விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வர வேண்டும். அன்று ராத்திரி அங்கே இருந்த எல்லோரும் வர வேண்டும். பொறுப்பை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று பெரியவளைக் கேட்டார். ஏற்றுக்கொள்கிறேன் என்றாள்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல அவளிடம் ஒரு வண்டி விஷயம் இருந்தது.

"இல்லைங்க. அவ சொன்னதே போதும்."

வெளியே அப்பா நின்றுகொண்டே இருந்தார். சுற்றிலும் காலி நாற்காலிகள். மிளகைப் பார்த்ததும் அவள் தலையைத் தொடப் போனார். அவள் விலகவில்லை, நெருங்கவும் இல்லை. வீட்டுக்கா என்று கேட்டார். வீட்டுக்குத்தான் என்றாள் பெரியவள். அப்பா நீதிமன்றக் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நின்ற பிறகு அப்பாதான் ஆரம்பித்தார். அடுத்த தடவை தான் லீவு போட வேண்டாம்தானே, பெரியவளே பார்த்துக்கொள்வாள்தானே என்றார்.

"போடுங்க. உங்களையும் கூப்பிடுவாங்க."

"என்னை எதுக்கு?"

"அன்னைக்கு ஸ்டேஷன்ல இருந்தவங்க எல்லாரும் வரணுமாம்."

அப்பா சட்டைப் பையின் சிவப்பு எழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் மேலே பேசிக்கொண்டு போனது ஒரு கோர்வையாக இல்லை. இன்ஸ்பெக்டர் கோபமாக இருந்தாராம். அவர் மனதை இளக்கத்தான் பார்த்தாராம்.

"பிள்ளைதானே சார், ரெண்டு தட்டு தட்டி அனுப்பிடுங்கன்னேன். எல்லாரும் சொல்றதுதானே? வாத்தியார்கிட்ட சொல்லலையா, கண்ணை விட்டுட்டுத் தோலை உரிங்கன்னு? எந்த வாத்தியார் உரிச்சாரு? ஒரு மரியாதைக்குச் சொன்னேன். அந்தாளு நிஜமாவே கை ஓங்குவான்னு..."

பெரியவள் காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் மேலே வந்தது. ஆனால் முந்திக்கொண்டது மிளகு. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அப்பா தாங்கியிருப்பார்.

"நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான்பா முதல்ல உங்களைக் கூப்பிட்டேன்."

அப்பா வாயைத் திறந்தார். என் தப்பு என்று ஊரில் எல்லோரிடமும் சொன்ன மனுஷனுக்கு, நிஜமாகவே சொல்ல வேண்டிய இடத்தில் அந்தச் சொல் வரவில்லை. அவர் மிளகை விட்டுப் பெரியவள் பக்கம் திரும்பினார்.

"அங்க வந்து நான் என்ன சொல்லணும்? நீ படிச்சவ. நீ சொல்லிக்குடு, அப்படியே சொல்லிடறேன்."

வாழ்நாளெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் துடித்தவள் அவள். உட்காருங்கள், கும்பிடாதீர்கள், குனியாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்தவள். ஆனால் சாட்சிக்கு வருபவருக்கு வீட்டு ஆள் சொல்லிக்கொடுத்தால், அவர் நிஜத்தைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று வக்கீல் கிளம்பும்போது காதில் போட்டிருந்தாள்.

"அதை நான் சொல்லிக்குடுக்கக் கூடாதுப்பா. என்ன பார்த்தீங்களோ, என்ன சொன்னீங்களோ, அதைத்தான் சொல்லணும்."

"இன்ஸ்பெக்டர் எதிர்லயா?"

"ஆமா."

பஸ் வந்தது. பெரியவள் மிளகை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். அப்பா ஏறவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது, நடந்தே போய்விடுகிறேன் என்று கையைக் காட்டினார். பஸ் நகர்ந்தது.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த மிளகு கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஹோட்டல் அந்தப் பக்கம்தானே? அப்பா ஸ்டேஷன் ரோட்டுல போறாரு."

பெரியவள் எழுந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை, வளைந்த முதுகு, வேகமான நடை. எதற்குப் போகிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மேஜையிலிருந்து ஒரு புகார் மேலே போய்விட்டது. அது இன்ஸ்பெக்டர் காதுக்குப் போய்ச் சேருவதற்குள், யார் காலையாவது பிடித்துச் சரிக்கட்டப் போகிறார். மகள் சின்னப் பெண், தெரியாமல் சொல்லிவிட்டாள் என்பார். அந்த இன்ஸ்பெக்டர் தப்பிக்க அந்த ஒரு வரி போதும்.

இறங்கி ஓடினால் பிடித்துவிடலாம். ஆனால் மிளகைத் தனியாக விடக் கூடாது. அவளையும் இழுத்துக்கொண்டு அந்த ஸ்டேஷன் பக்கம் காலெடுத்து வைக்கவும் கூடாது. பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன வார்த்தையின் சூடு இன்னும் ஆறவில்லை.

"இறங்கறீங்களா இல்லையா?" என்று கண்டக்டர் கேட்டார்.

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றிருந்தது. பெரியவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய இன்னொரு கையை மிளகு விடவில்லை.